காத்து நெளிஞ்சா குந்து

டீக்கடையில் நின்றால் நாமெல்லாம் டீயைப் பார்ப்போம். அவள் பாய்லருக்கு மேலே இருக்கிற காற்றைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இன்னும் சூடாவல, வா போலாம்" என்பாள். கடைக்காரர் முறைப்பார். ஆனால் மறுத்துப் பேச மாட்டார்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். நாலைந்து பஸ் வரிசையாக நிற்கும். எது முதலில் கிளம்பும் என்று கண்டக்டருக்கே தெரியாது. இவள் நம்பரைப் பார்க்க மாட்டாள். பக்கவாட்டில் தள்ளி நின்று புகைக்குழாய்களை ஒரு தடவை பார்ப்பாள். "அது ரொம்ப நேரமா ஓடிகினு கீது. ஏறு" என்பாள். அவளோடு போனால் எனக்கு ஜன்னல் சீட்டு நிச்சயம். சில நாள் அந்த பஸ் வேறு ஊருக்குப் போகும். அதற்கு அவள் பொறுப்பில்லை.

பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. நாங்கள் கொடியக்கா என்போம். என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான். ஆனாலும் அக்கா. கொடி அவள் கையில் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் புல் வெட்டுகிற வேலை. காண்ட்ராக்டர் ஆள். பதினோரு பேர், எல்லாரும் பெண்கள். நான் கடப்பேரியிலிருந்து வருவேன். அவள் சேலையூரிலிருந்து வருவாள். தாம்பரத்தில் ஒரே ரயிலில் ஏறுவோம். கழுத்தில் போட்டோ ஒட்டின பாஸ் தொங்கும். அந்த பாஸ் இல்லாமல் உள்ளே ஒரு ஈ போக முடியாது.

விமானம் என்றால் எல்லாருக்கும் அது மேலே போவது. எங்களுக்கு அது தரையில் போவது. தரையில் போகும்போது அதற்கு முன்பக்கம் ஒரு குணம், பின்பக்கம் ஒரு குணம். முதல் நாள் அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"மூஞ்சியக் காட்டிகினு வந்தா பயப்படாத. முதுகக் காட்டுச்சுன்னா குந்து."

ஓடுபாதையின் முனையில் விமானம் திரும்பும். அது திரும்பும்போது வாலும் திரும்பும். வால் போகிற பக்கமெல்லாம் இன்ஜினின் மூச்சு போகும். முதலில் மண்ணெண்ணெய் வாசனை வரும். அப்புறம் சூடு. அப்புறம் தள்ளும். மூன்றும் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குள் வந்துவிடும். வாசனை வந்தபிறகு உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தவள் அதற்குள் உருண்டிருப்பாள்.

அந்த முனையில் புல் எழுந்து நிற்காது. எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்து, நுனி கருகி, எண்ணெய் வைத்துச் சீவின தலை மாதிரி இருக்கும். வெட்டின புல்லை மாட்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். முனைப் புல்லை மட்டும் வாங்க மாட்டார்கள். மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளுமாம். அதே வாசனையோடுதான் நாங்கள் வீட்டுக்குப் போவோம். "இன்னா, ஸ்டவ்வு மேலயே படுத்து எந்திரிச்சு வந்தியா" என்பார் என் வீட்டுக்காரர். தலைக்கு எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது.

நாங்கள் குனிந்து வெட்டுவோம். அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்பாள், சிவப்புக் கொடியோடு. அவள் விமானத்தைப் பார்க்க மாட்டாள். அதன் பின்னால் காற்று நெளிகிறதா என்று பார்ப்பாள். வெயிலில் தார் ரோட்டின்மேல் நெளியுமே, அந்த மாதிரி. இன்ஜினுக்குப் பின்னால் அது கெட்டியாக நெளியும். அந்தப் பக்கம் இருக்கிற பல்லாவரத்து மலை தண்ணீரில் தெரிகிற மாதிரி ஆடும். மலை ஆடினால் அவள் கொடியைத் தூக்கி, இன்னொரு கையைக் கவிழ்த்து அழுத்துவாள். குந்து என்று அர்த்தம். பத்துப் பேரும் குந்துவோம்.

அங்கே வாயால் பேசினால் வேலைக்கு ஆகாது. பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. அதனால் எல்லாம் கைதான். கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். ஐந்து விரலையும் குவித்துக் காட்டினால் சோறு. கையைத் தலைக்குமேல் விரித்தால் மழை, குடை எடு. இரண்டு விரலை நெற்றியில் கொம்பு மாதிரி வைத்தால் சூப்பர்வைசர்.

அது அவள் கண்டுபிடித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு முட்ட வருகிற மாதிரிதான் நடந்து வருவார். ஒருநாள் அவரே பார்த்துவிட்டார்.

"அது என்னம்மா, நான் வந்தாலே எல்லாரும் நெத்தியில வெரல வெக்கிறீங்க?"

நாங்கள் குனிந்துகொண்டோம். அவள் அசையவில்லை.

"வணக்கம் சார். இங்க சத்தத்துல வாயால சொன்னா கேக்காதுல்ல."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஒருத்தியும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம்.

கைப்பேச்சு ரயிலிலும் தொடரும். ஒருநாள் தாம்பரத்தில் ஏறின இரண்டு காலேஜ் பையன்கள் எங்களையே பார்த்தார்கள். "பாவம்டா மச்சான், வாய் பேசாதவங்க" என்று ஒருவன் சொல்லி எழுந்து இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள். மீனம்பாக்கம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது அவன் தோளில் தட்டி, "நல்லா படிப்பா" என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரயில் நகரும்வரை நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று சிரித்தோம்.

அவள் சிரித்தாள். அவன் சொன்னதில் பாதி சரி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு ஜீப்பால். சுற்றுப் பாதையில் அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள். பின்னால் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவள் விலகவில்லை. மறுபடி அடித்தது. நடந்துகொண்டே இருந்தாள். டிரைவர் வண்டியைப் புல்லில் இறக்கி ஓட்டிப் போனார். "திமிரப் பாரு" என்று சூப்பர்வைசர் சொன்னார்.

திமிர் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜீப் தன்னைத் தாண்டினபோதுதான் அவள் திடுக்கிட்டாள்.

மறுநாளிலிருந்து நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். வண்டி வந்தால் முந்தானையைத் தொட்டு இழுப்பேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்ஜின் வாயைவிட வால் பக்கத்துச் சத்தம்தான் காதைத் தின்னும். காற்று கிழிகிற சத்தம் அது. துணி கிழிகிற மாதிரி, ஆனால் முடியவே முடியாத துணி. அவள் எங்களுக்கெல்லாம் முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவள். நாங்கள் குந்திக் காதைப் பொத்திக்கொள்வோம். அவள் ஒரு கையில் கொடி, ஒரு கை கவிழ்த்து. பொத்திக்கொள்ள மூன்றாவது கை ஏது.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாள் வரவில்லை. கொடியை இன்னொருத்தியிடம் கொடுத்தார்கள். அவளுக்குப் பாம்புக் காது. ரயில் கண்ணுக்குத் தெரியுமுன்பே வருகிறது என்று சொல்லுவாள். மூன்றாம் நாள் ஒரு விமானம் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் பெரிது. கொடி பிடித்தவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே ஒரு நாலு இன்ஜின் விமானம் சத்தமில்லாமல் முதுகைத் திருப்பினது. சத்தம் இருந்திருக்கும். எது யாருடைய சத்தம் என்று காதுக்குத் தெரியவில்லை.

வாசனை. சூடு. அவ்வளவுதான் ஞாபகம். என் சோற்றுத் தூக்கு வேலிவரைக்கும் போயிருந்தது. இரண்டு குடையின் கம்பி மட்டும் கிடைத்தது. ஒருத்தியின் புடவை வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது, அவள் உள்பாவாடையோடு புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஒருத்தியும் இப்பிடி பாக்காதீங்கடி" என்று கத்தினாள். யாருக்கும் பெரிய அடி இல்லை. என் இடது முழங்கையில் தோல் வழன்றது. இடது காதில் இரண்டு நாள் கொய்ங் என்று கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவள் வந்தாள். வேலியில் கிழிந்து தொங்கின புடவைத் துண்டைப் பார்த்தாள். "யாரு பாக்காம காதால கேட்டுகினு நின்னது" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு கடுதாசி வந்தது. பாஸ் புதுப்பிக்க வேண்டுமானால் கண்ணும் காதும் பரிசோதனை. தேறாதவருக்குப் பாஸ் இல்லை. சூப்பர்வைசர் வாசித்துச் சொன்னார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி புரிந்திருக்கும். நான் என் காதைத் தொட்டுக் காட்டி, பாஸைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். முழுக்கப் புரிந்தது.

அவள் வீட்டில் அவள் சம்பாத்தியம் ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மாமியார். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் அவள் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசினாள். வாயால்தான். நான் சொன்னதை என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"ஜீப்பு வந்த அன்னிலேந்து."

அவள் என் காலைப் பார்த்தாள். "நீ பின்னாடியே வந்துகினு இருந்தியே, காலு வலிக்கலியா" என்றாள்.

முந்தின நாள் அதே பரிசோதனைக்குப் போய்வந்த வேன் டிரைவரிடம் விசாரித்தேன். டாக்டர் பின்னால் நின்று ரகசியமாக ஒரு வார்த்தை சொல்வாராம். அதைத் திருப்பிச் சொன்னால் போதுமாம். தண்ணி, சோறு என்று சின்ன வார்த்தைதானாம். இரண்டு இரண்டு பேராக உள்ளே கூப்பிடுவார்களாம்.

அப்போது எனக்குப் பிடிபட்டது. டாக்டர் பின்னால் நிற்பார். நான் முன்னால் கதவோரம் நிற்பேன். அவர் சொல்வது எனக்குக் கேட்கும். என் கை அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தோம்.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக். எங்கள் இரண்டு பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வெளியே பெஞ்சில். சூப்பர்வைசரும் வெளியே. டாக்டர் வயசானவர், கண்ணாடி போட்டவர். அவளை ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்னால் போய் நின்றார். நான் கதவில் சாய்ந்தேன்.

டாக்டர் முணுமுணுத்தார். நான் கட்டை விரலை வாயருகே கொண்டுபோனேன்.

"தண்ணி" என்றாள்.

மறுபடி முணுமுணுத்தார். ஐந்து விரலைக் குவித்தேன்.

"சோறு."

"குடை" என்றார். நான் தலைக்குமேல் கையை விரித்தேன். அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். இன்னும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

"மாடு" என்றார்.

நான் யோசிக்கவில்லை. மாட்டுக்கு வேறு என்ன காட்டுவார்கள். இரண்டு விரலை நெற்றியில் வைத்தேன்.

"சூப்பர்வைசர்" என்றாள் அவள், தெளிவாக.

டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். மறுபடி, "மாடு" என்றார். நான் விரலை இன்னும் நீட்டி, வாயால் சத்தம் வராமல் அம்மா என்று கத்திக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரியுது மே. அவருதான் வெளிய குந்தினு கீறாரே, இங்க எதுக்கு வராரு?"

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் விரல் இரண்டும் நெற்றியிலேயே இருந்தன. எடுக்கத் தோன்றவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பாஸைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைத் தொடவில்லை. என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க ஏம்மா அப்போலேர்ந்து தலைய ஒரு பக்கமா சாய்ச்சே நிக்கிறீங்க?"

"சாய்க்கலியே சார்."

"சாய்ச்சுட்டுத்தான் நிக்கிறீங்க. வந்து உக்காருங்க."

என் வலது காதை ஒரு விரலால் அடைத்துவிட்டு இடது பக்கம் நின்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். எதிரே சுவரோரம் நின்ற அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அவர் வாய் அசைகிறது என்று கையால் காட்டினாள்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேங்குல எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"எல்லாரையும் வரச்சொல்லுங்க. ஒவ்வொருத்தரா. கதவ மூடிட்டு."

மத்தியானம்வரை ஆனது. பதினொரு பேரில் எட்டுப் பேருக்குக் குறை இருந்தது. பாம்புக் காதுக்காரிக்கும் இருந்தது. அவள் நம்பவே இல்லை. "டாக்டருக்குத் தொண்ட சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

சூப்பர்வைசரை உள்ளே கூப்பிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வந்தார். டாக்டர் அவர் நடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு தடவை பலமாக இருமிக்கொண்டார்.

"எட்டுப் பேரை நிறுத்தணும்" என்றார்.

சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், மழ வேற ஊத்துது. புல்லு இடுப்பு உயரம் நிக்குது. புல்லுல பூச்சி வரும், பூச்சிக்குப் பறவ வரும், பறவ இன்ஜின்ல பூந்தா யாரு பதில் சொல்றது. எட்டுப் பேரு போயிட்டா நானா சார் வெட்டுவேன்?"

"அப்ப பதினொரு பேருக்கும் காது மூடி வாங்கிக் குடுங்க. குடுத்தா எழுதித் தரேன். இந்த வாரத்துக்குள்ள."

"குடுத்துடறேன் சார்."

"இந்தம்மாதான் கஷ்டம். ரெண்டு காதும் இல்ல. இவங்களப் போய் கொடி பிடிக்க வெச்சிருக்கீங்க."

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். ஜீப் வந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் நீட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கேட்காமல் எப்படிக் கொடி பிடிக்கிறீங்க, என்று இருந்தது. நான் கையால் சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் போனாள். வெளியே ஜி.எஸ்.டி. ரோடு. மழை விட்டு வெயில் அடித்தது. எதிர்ப்பக்கம் மூன்று லாரி நின்றது. மூன்றிலும் டிரைவர் இல்லை.

"நடுவுல நிக்கறது ஓடிகினு கீது" என்றாள். "மத்த ரெண்டும் ஆஃப்பு."

டாக்டர் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சூப்பர்வைசரை அனுப்பினார். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் ஒவ்வொரு லாரியின் மூக்கிலும் கையை வைத்துப் பார்த்தார். நடு லாரியிடமிருந்து திரும்பி ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார்.

டாக்டர் ரொம்ப நேரம் எழுதினார். கொடி பிடிக்கலாம், காது கேட்கும் ஒருத்தர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று எழுதினதாகச் சூப்பர்வைசர் சொன்னார். காது கேட்பவள் யார் என்று கேட்டார்கள். அவள் என்னைக் காட்டினாள்.

"அதுக்கும் பாதிதானம்மா கேக்குது" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்குப் பாதி போதும் சார்."

மேசைமேல் கிடந்த பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் சேர்ந்து நின்றோம். வலது பக்கம் ஜீப் பாதை, இடது பக்கம் விமானம். விமானம் அவள் கண்ணுக்கு, ஜீப் என் வலது காதுக்கு. காது மூடி வந்தது, மஞ்சள் நிறம், இரண்டு கிண்ணத்தைக் கம்பியில் கோத்த மாதிரி. எல்லாரும் போட்டுக்கொண்டோம். நான் ஜீப்புக்காக வலது கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வேன். வால் திரும்பினால் அவளே கையை நீட்டி அதை என் காதின்மேல் அழுத்திவிடுவாள். கொடி இருந்த கையால். அவளுக்குக் கொடுத்ததை அவள் போட்டதே இல்லை. "பூட்டிகினு போன வூட்டுக்கு எதுக்குப் பூட்டு" என்றாள். தீபாவளிக்கு அதைத் தன் தெரு நாய்க்கு மாட்டிவிட்டாள். சேலையூரில் அந்தத் தீபாவளியில் நிம்மதியாகத் தூங்கின ஒரே நாய் அதுதான்.

அப்புறம் புல் வெட்ட மிஷின் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் போனோம்.

அதற்கும் சில வருஷம் கழித்து ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். மைக்கில் ஏதோ சொன்னார்கள். என் வலது காதும் அதற்குள் கிளம்பத் தயாராகிவிட்டது. எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். எனக்கு ஏன் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

எதிர் பிளாட்பாரத்தில் ஒரு கை உயர்ந்தது. அவள்தான். தலை நரைத்திருந்தது. அவள் ரயிலைப் பார்க்கவில்லை, கூட்டம் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். உன் வண்டி இந்தப் பக்கம் மாறிவிட்டது, வா, என்று கையால் சொன்னாள். பிள்ளைகள் எப்படி என்று நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் கழுத்தில் தாலி என்று காட்டினாள். நடுவில் ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. அதன் ஜன்னல்களுக்கு இடையே பேசிக்கொண்டே இருந்தோம். ஒரு சொல்லும் விழாமல் எல்லாம் கேட்டது.

ரயில் போய் முடிந்தது. அவள் திடீரென்று இரண்டு விரலை நெற்றியில் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் காய்கறிப் பையோடு சூப்பர்வைசர். முழுக்க வெளுத்த தலை. அதே குனிந்த நடை. என்னை அவர் கவனிக்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

பையைக் கீழே வைத்தார். தாம்பரம் ஸ்டேஷனில் அத்தனை பேர் நடுவே, இரண்டு விரலை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, மரியாதையாகத் தலை குனிந்தார்.